ஒரே நேரத்தில் கேட்டது

— அப்ப, உதிலை ஊதுறது என்ன வாத்தியம் எண்டு சொல்லும் பாப்பம்.

— நாதஸ்வரம் இல்லை எண்டு மட்டும் தெரியும்.

— அருந்ததி.

— பகிடி. சாக்ஸபோன். என்ன, சோதினையே வைக்கிறீங்கள்? விறாந்தையிலை உங்கடை மாமி, என்ரை அம்மா, புறோக்கர் ஏரம்பு அண்ணை, எல்லாரும் இருக்கினம். கொஞ்ச நேரம் தனியக் கதைக்க விட்டிருக்கினம். நீங்கள் போனிலை பாட்டைப் போட்டுக் கேள்வி கேக்கிறீங்கள்.

— ஆறேழு மாசமா நாங்கள் இதைத்தானே கதைச்சனாங்கள்.

— அது எழுதிக் கதைச்சது. நேரிலை எனக்கு வெக்கம்.

— வெக்கப்படுற ஆள் மாதிரித் தெரியேல்லை.

— அப்ப எப்பிடித் தெரியுது?

— தெரியேல்லை. அதைத்தான் யோசிக்கிறன்.

— யோசியுங்கோ. நான் இந்த விசுக்கோத்தைச் சாப்பிடுறன்.

— மத்தியான வேலை முடிச்சு, பலெர்மோவிலை என்ரை அறைக்கு வந்து, நான் றெக்கோட்டிலை ஊசியை வைப்பன். நீர் இஞ்சை அச்சுவேலியிலை அதே பாட்டைப் போனிலை போடுவீர். 'ஓம், வைச்சிட்டன்' எண்டு எழுதுவீர். ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை கேப்பம். நினைவிருக்கோ?

— இருக்குத்தானே.

— முதன்முதல் நான் அனுப்பினது இத்தாலிக்காரற்றை புரோகிரசிவ் றொக். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தேவாலயத்திலை மாதிரி ஓர்கன் தொடங்கும், புல்லாங்குழல் வரும், பிறகு எல்லாம் ஒண்டாப் பிச்சுக்கொண்டு ஓடும். அதைக் கேட்டிட்டு நீர் என்ன சொன்னனீர்?

— நல்லாயிருக்கு எண்டு.

— இல்லை. தேர் இழுக்கேக்கை எல்லாரும் ஒண்டாக் கத்தி, வடம் இறுகி, ஆனால் தேர் இன்னும் அசையாமல் நிக்கிற அந்த நேரம் மாதிரி எண்டு சொன்னனீர்.

— ஓ, அதுவோ. ஓம், சொன்னனான்.

— பாஷை விளங்காமல் எப்பிடிக் கேக்கிறீர் எண்டு கேட்டன். 'ஐயர் சொல்லுற மந்திரம் மட்டும் விளங்குதோ' எண்டு திருப்பிக் கேட்டீர். நான் குசினியிலை நிண்டு தனியச் சிரிச்சனான். கூட வேலை செய்யிறவன் எனக்கு விசரோ எண்டு கேட்டவன்.

— பாருங்கோ. இவ்வளவு பகிடிக்காரியை விட்டிட்டு எங்கை போகப்போறீங்கள்?

— பிறகு டார்க் ஜாஸ் அனுப்பினன். அது லேசிலை ஒருத்தருக்கும் பிடிக்காது. இருட்டுக்குள்ளை ஆரோ மெல்ல நடக்கிற மாதிரி, ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் நடுவிலை அவ்வளவு இடம் விட்டு வாசிப்பாங்கள். செத்தவீட்டுப் பாட்டு எண்டு என்ரை சிநேகிதர் நக்கலடிப்பினம். நீர் மட்டும்தான் 'உது சோகமில்லை' எண்டீர்.

— சோகமில்லையே?

— நீர்தானே சொன்னனீர்.

— ஓம். சோகமில்லை.

— பிறகு அது என்ன?

— என்னெண்டு சொல்லுறது. ஒரு மாதிரி.

— தோட்டத்திலை தண்ணி மிசின் நிண்ட உடனை, அதுவரைக்கும் கேக்காத எல்லாம் கேக்கத் தொடங்கும், வெங்காயத்துக்குள்ளை தண்ணி ஊர்ற சத்தம்கூடக் கேக்கும், இது அந்தச் சத்தம் எண்டீர். நீர் தோட்டத்துக்குப் போறனீரோ?

— நானோ? அந்த வெயிலுக்கோ? காலமை பாங்குக்குப் போனால் பின்னேரம்தான் வாறன். தோட்டம் அக்காவின்ரை பொறுப்பு. சின்னனிலை போயிருக்கிறன். ஏன், சின்னனிலை கேட்டதை எழுதக் கூடாதோ?

— எழுதலாம்.

— அப்ப ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறீங்கள்? இஞ்சேருங்கோ, நாளைக்குக் கலியாண எழுத்து. றெஜிஸ்ரார் வருவார். சுபாஸ்கரன் எண்டு ஒருத்தர் கையெழுத்து வைப்பார், அருந்ததி எண்டு ஒருத்தி வைப்பாள். அதுக்குப் பிறகு சாகுமட்டும் இருந்து பாட்டுக் கேக்கலாம்.

— கையெழுத்து வைக்க முதல் எனக்கு ஒண்டு தெரியவேணும். போன் எடுத்தால் ஏன் ஒருநாளும் கதைக்கேல்லை? அம்மா பக்கத்திலை எண்டீர். கரண்ட் இல்லை எண்டீர். தடிமனிலை தொண்டை அடைச்சிட்டுது எண்டீர்.

— தடிமன் உண்மைதான்.

— நான் இவ்வளவு வயசுமட்டும் கலியாணம் வேண்டாம் எண்டு நிண்டனான். உம்மோடை கதைச்சுத்தான் ஓம் எண்டனான். போட்டோவைப் பாத்து இல்லை.

— போட்டோவைப் பாத்து இல்லையோ. அதுக்காண்டி ஸ்ரூடியோவிலை என்னை எவ்வளவு நேரம் இருத்தி வைச்சவை தெரியுமே.

— நான் பகிடி விடேல்லை.

— எனக்கும் பகிடியில்லை. நாளைக்கு நீங்கள் மாட்டன் எண்டால் நீங்கள் பிளேன் ஏறிப் போயிடுவீங்கள். பிறகு இந்த வீட்டுப் படலையை ஒரு மாப்பிள்ளையும் திறக்கமாட்டான். அதையும் யோசிச்சுப்போட்டுக் கேளுங்கோ.

— யோசிச்சுத்தான் கேக்கிறன். ஏன் கதைக்கேல்லை?

— கதவைச் சாத்தட்டே? வேண்டாம், சாத்தினால் பிழையா நினைப்பினம். மெல்லக் கதையுங்கோ. சொல்லுறன், கோவிக்கக் கூடாது.

— சொல்லும்.

— உங்கடை சாதகக் குறிப்பு முதல் இந்த வீட்டுக்கு வந்தது எனக்கில்லை. அக்காவுக்கு.

— எந்த அக்கா?

— எனக்கு எத்தினை அக்கா? சிவகௌரி அக்கா. வரேக்கை உங்களுக்குக் கால் கழுவத் தண்ணி தந்தவ.

— எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

— ஏன் சொல்லுவினம்? சாத்திரியார் பாத்தார். அக்காவுக்கு எட்டிலை செவ்வாய். உங்களுக்குச் செவ்வாய் இல்லை. கட்டி வைச்சால் பெடியன்ரை உயிருக்குக் கூடாது எண்டிட்டார். ஏரம்பு அண்ணை எழும்பிப் போகாமல் கையோடை என்ரை குறிப்பைக் கேட்டார். எனக்கு எல்லாம் பொருந்தி வந்திட்டுது. அவ்வளவுதான்.

— என்ரை மாமிக்குத் தெரியுமோ?

— வடிவாத் தெரியும்.

— அப்ப அக்கா என்ன சொன்னவ?

— 'நீ போ, எனக்கென்ன' எண்டா. வேறை என்ன சொல்லுவா? அவ பெரிசா வாய் திறக்கிறேல்லை. இப்ப யோசிச்சுப் பாருங்கோ. ஒரு அறையிலைதான் ரெண்டு பேரும் படுக்கிறம். அவ அந்தப் பக்கம் திரும்பிக் கிடப்பா. அவவுக்கெண்டு வந்த மாப்பிள்ளையோடை நான் இந்தப் பக்கம் இருந்து போனிலை சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கேலுமே? எழுதினால் சத்தம் வராது. அதுதான்.

— நியாயம்தான்.

— அப்ப கோவமில்லையே?

— உம்மிலை கோவமில்லை. என்னைக் கேக்காமல் என்ரை உயிரைப் பற்றி இவ்வளவு பேர் முடிவெடுத்திருக்கினம்.

— எல்லாற்றை உயிரையும் பற்றி அப்பிடித்தான் முடிவெடுக்கிறவை. வாங்கோ, போவம். மாமி எட்டி எட்டிப் பாக்கிறா.

— பொறும். ஒரே ஒரு பாட்டு. நான் பிளேன் ஏற முதல்நாள் ரெண்டு பேரும் கடைசியாக் கேட்டது. இனிக் கேள்வி கேக்கமாட்டன். பக்கத்திலை ஆள் இருக்க அதை ஒருக்காக் கேக்கவேணும். அவ்வளவுதான் என்ரை ஆசை.

— சரி, போடுங்கோ. நீளமோ?

— கொஞ்சம் நீளம்.

— தேத்தண்ணி கொண்டந்தனான்.

— வையக்கா உந்த மேசையிலை.

— ஆறமுதல் குடியுங்கோ. கோப்பையைக் கொண்டுபோகத்தான் நிக்கிறன்.

— நீங்களும் இருங்கோவன். கதிரை கிடக்கு.

— வேண்டாம். அடுப்பிலை பால் கிடக்கு.

— பாலை அம்மா பாப்பா, நில்லக்கா. இவர் பாட்டுப் போட்டிருக்கிறார். பாவம், பலெர்மோவிலை இவரோடை இருந்து கேக்க ஆளில்லை.

— நான் நிண்டுகொண்டே கேக்கிறன்.

— அக்கா, உனக்கு உது விளங்காது. டார்க் ஜாஸ். உந்த ஊதுறவர் ஒருக்கா ஊதிப்போட்டு, பிறகு எங்கையோ போயிட்டு வாறார்.

— ம்.

— சுருதி சேக்கிற மாதிரியும் கிடக்கு. இன்னும் தொடங்கேல்லையோ?

— தொடங்கிட்டுது, அருந்ததி. கொஞ்சம் கேளும்.

— கேக்கிறன், கேக்கிறன். தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ?

— போதும்.

— ...

— ஆ, முடிஞ்சுது.

— முடிஞ்சுதோ?

— சத்தம் நிண்டிட்டுதே. நல்ல பாட்டு. நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது. அண்டைக்குக் கேக்கேக்கையும் அப்பிடித்தான் இருந்தது.

— அண்டைக்கும் நீர் இதோடையோ நிப்பாட்டினனீர்?

— இதோடைதான். சத்தமே இல்லை, இனி என்னத்தைக் கேக்கிறது? எழும்புங்கோ, விறாந்தையிலை பாத்துக்கொண்டிருக்கினம்.

— சரி. அப்ப நிப்பாட்டுறன்.

— அக்கா, நீ கோப்பையளை எடுத்துக்கொண்டு போ.

— உந்தப் போனிலை கை வைக்காதேங்கோ. அவர் இன்னும் ஒருக்கா ஊதுவார்.