நுனியில் ஓரடி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உடைந்த குடைகளைத் தேடி வாங்குகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நல்ல குடை எனக்கு எதற்கு? துணி கிழிந்து கம்பி மட்டும் மிஞ்சிய குடையில்தான் படிக்க ஏதாவது இருக்கும். வளையத்தை இத்தனூண்டு மேலே தள்ளினால் எட்டுக் கம்பியும் சேர்ந்து விரிகின்றன. உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் வேதசிரோமணி. வயது அறுபத்து மூன்று. செம்பாக்கத்தில் தனியாக இருக்கிறேன். எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைப் பவனியில், குட்டியானை மினிலாரிமேல் நிற்கும் தேவதூதனுக்கு இறக்கை செய்கிறவன் நான். ஒரு பக்கத்துக்கு நான்கு அலுமினியப் பட்டை, நான்கு ரிவெட், ஒரு கயிறு. இடுப்பிலுள்ள கைப்பிடியை ஓர் அங்குலம் இழுத்தால் இறக்கை நுனி ஓரடி எழும். பட்டையில் துளையை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரை அங்குலம் தள்ளிப் போட்டால் பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது. நுனி மட்டும் இன்னும் ஒன்றரை அடி மேலே போய்விடும்.

பதினொரு வருஷம் அந்த இறக்கையை நானே மாட்டிக்கொண்டு நின்றேன். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருப்பதால் தூதனால் அண்ணாந்து பார்க்க முடியாது. கீழே ஒருவர் வண்டியோடு நடந்து வருவார். ஒயர், மரக்கிளை, பால்கனி எல்லாம் பார்த்து அவர் "திற" என்றால்தான் திறக்கலாம். எனக்காக அப்படி நடந்தவன் ஜேசன், பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சரின் மகன். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் தவறாகச் சொன்னதில்லை.

போன வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் அவன் எழுந்து, "அங்கிளுக்கு முட்டி வலி. இறக்கை அவர் செய்யட்டும், நிக்கிறது நான் நின்னுக்கிறேன். கீழ அவரே பார்த்துக்கட்டும்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் பாசத்தோடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பவனியில் அவன்தான் நின்றான். அடுத்த மாதம் சபைப் பத்திரிகையில் படம் வந்தது. கீழே 'ஜேசனின் பறக்கும் தூதன்' என்று போட்டிருந்தார்கள். பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியவனும் அவன்தான். "சூப்பரா வந்திருக்குல்ல அங்கிள்?" என்றான். ஆமாம் என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் துளையை அரை அங்குலம் தள்ளிப் போட்டேன். முதல் விசாரணையில் நீங்கள் கேட்டபோது, இறக்கை இன்னும் கம்பீரமாக எழட்டும் என்று செய்ததாகச் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் தொங்கும் ஒயரைக் கேபிள் டிவி ஒயர் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள். ஓய்வு பெறுவதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. மின்சார ரயில் பணிமனையில், சார். முப்பத்தோரு வருஷம். எந்த ஒயரில் உயிர் இருக்கிறது என்பதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பவனிக்கு இரண்டு நாள் முன்னால் வண்டிக்காரர் சிட்டிபாபுவை அழைத்துக்கொண்டு அந்த வழியைப் பார்த்துவந்தேன். அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மேலே ஏறி, உலர்ந்த மூங்கிலைத் தூக்கிப் பிடித்து உயரம் பார்த்தேன்.

"இன்னா சார், ஒயரை அளந்துகினு கீறீங்க?" என்றார் சிட்டிபாபு.

"பாதுகாப்புக்குப்பா" என்றேன்.

"அதுவும் கரீட்டுதான். பேஜாராப் பூடும் சார், ரொம்பத் தாழ்வா தொங்கினு கீது."

பழைய இறக்கையாக இருந்தால் ஓரடி கீழேயே நின்றிருக்கும். ஜேசனுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி, ஊருக்கு முன்னால் ஒரு சின்ன அவமானம், அவ்வளவுதான் நினைத்தேன் என்று இத்தனை வாரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன அதிர்ச்சி தருகிற ஒயர் அதுவல்ல என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வண்டி புறப்படும் நேரத்தில் ஜேசன் தன் தங்கை சுஜியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். வெள்ளை அங்கி போட்டிருந்தாள். "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து ஆசை அங்கிள். இந்தத் தடவை அவ நிக்கட்டும்" என்றான். அவன் ஆயரோடு முன்னால் நடக்கப் போய்விட்டான். வார்களை நான்தான் கட்டினேன். ஒல்லியான பெண் என்பதால் பக்கிளை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டேன். "டைட்டா இருக்காம்மா?" என்று கேட்டேன். "கரெக்டா இருக்கு அங்கிள்" என்று சிரித்தாள்.

மார்க்கெட் முனையில் திற என்றேன், திறந்தாள். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இன்னொரு தடவை. இறக்கை எவ்வளவு அழகாக எழுந்தது தெரியுமா, சார்? அந்த அழகைப் பார்த்து அப்போதும் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை வெளியே சொல்லக் கூசுகிறது.

பிறகு அந்தத் தெருவில் வைத்துச் சுஜி இறந்தாள். கிளை ஒதுக்க வைத்திருந்த மூங்கிலால் இறக்கையைத் தட்டிவிட்டு அவளை இறக்கியவன் நான். அதற்காக எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ரத்தினபாய் டீச்சர் இன்றுவரை மத்தியானம் கேரியரில் சோறு கொடுத்தனுப்புகிறார். "நீங்க என்ன செய்வீங்க அண்ணா, உங்க மேல தப்பில்ல" என்கிறார். அந்த ரசத்தை நான் பதினொரு வாரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜேசன் யாரோடும் பேசுவதில்லை. 'தங்கையை ஏற்றிவிட்டவன் நான்தான், எல்லாத் தப்பும் என்னுடையது' என்று உங்களிடம் எழுதிக் கொடுக்கப்போகிறான் என்று நேற்று டீச்சர் சொன்னார். சாப்பிடுவதுமில்லையாம். அவனையும் நான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன். அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நிறுத்து என்று நான் கத்தியதாகவும், பேண்டு சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை என்றும் சொல்லியிருந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தை நினைத்துப் பார்க்க எவருக்கும் மனசில்லை. ஆனால் அந்தத் தெருவில் பேண்டு வாசிக்கவில்லை, சார். மூன்றாவது வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, பெஞ்சு போட்டிருந்தார்கள். சாவு வீடு. எந்தப் பவனியானாலும் சாவு வீட்டைத் தாண்டும் வரை வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். அன்றும் நிறுத்தினார்கள். ரிவெட் முனகுவதுகூட எனக்குக் கேட்டது.

வேண்டாம் என்று தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், இறக்கையை இறக்கிப் பார்ப்பார்கள், துளை தெரிந்துவிடும் என்று பயந்து வாயடைத்து நின்றுவிட்டேன் என்றுதான் இங்கே வரும்போதுகூட நினைத்துக்கொண்டு வந்தேன். அதுவும் உண்மையில்லை. தடுப்பதற்கு ஒரு நல்ல காரணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒயருக்கு நேர் கீழே வண்டி வந்தபோது குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், சாவு வீடு. இங்க வேணாம்ல?"

நான் மேலே ஒயரைப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன்.

"பரவால்லம்மா, திற" என்றேன்.