பாடையில் கிடந்தவன் சிரிக்கவில்லை

இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது சிங்கப்பூர் வெள்ளி. ரத்னவேல் அழகப்பனுக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவு. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரத்னவேல் யாரோ எவரோ இல்லை. நம் லாரியில் கடைசி ஆளாக ஏறுவானே பாலகிருஷ்ணன், அவனுடைய சித்தப்பா மகன். இதே துவாஸில், பக்கத்து விடுதியில் இருந்தவன். அதனால்தான் சொல்கிறேன்... கேட்டுவிட்டு, கழிப்பறைக்குத் துணைக்கு வா என்று யாரும் என்னை எழுப்பக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டேகால் மணி, ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்தே முக்கால். லிம் சூ காங் பக்கம் ஒரு தோட்டத்துச் சாலை. கடைசித் தெருவிளக்கைத் தாண்டி நன்றாக உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் இடுகாடு, மறுபக்கம் கீரைத் தோட்டம். ஒரு பேருந்து போனால் அடுத்தது வரும்வரை தவளைச் சத்தம்தான்.

அங்கே ஒரு சினிமா எடுத்தார்கள். சிரிப்புப் பேய்ப்படம். கதை நடப்பது நம் ஊர்ப்பக்கத்துக் கிராமம் ஒன்றில். ஊரெல்லாம் கடன் வாங்கியவன் செத்துப்போகிறான். கடன்காரர்கள் பாடையருகே குனிந்து, "என் பணம் எங்கேடா?" என்று கேட்பார்கள். உடனே பிணம் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் ஒரு ஐந்நூறு இருக்குமா?" என்று கேட்கும். எல்லாரும் தலைதெறிக்க ஓடுவார்கள். அவ்வளவுதான் கதை.

இயக்குநர் அருண்ராஜ் இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். பாடை கட்டத் தெரிந்த ஆள் அவன் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே சாரம் கட்டுகிற நம் ஆட்கள் ஆறு பேரைப் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப் போயிருந்தான்.

"அண்ணே, ரியலா கட்டுங்க லா. சும்மா டிராமா மாதிரி வேணாம். ஆடியன்ஸ் நம்பணும்."

ரியலாகவே கட்டினார்கள். பச்சை மூங்கில், தென்னங்கீற்று. பதினெட்டு மாடி உயரத்தில் சாரம் தாங்குகிற அதே முடிச்சு. ரத்னவேல் ஒல்லி என்பதால் அவனையே பிணமாகப் படுக்க வைத்தார்கள். இடுப்பையும் கால்களையும் மூங்கிலோடு சேர்த்துக் கட்டினார்கள். எழுந்து உட்கார வேண்டுமே, அதற்காக மார்பை மட்டும் விட்டுவைத்தார்கள். நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. மரிக்கொழுந்து வாசனை... மூக்கடியிலேயே.

"கடன்காரனா யாரு நடிக்கிறது?" என்றான் அருண்ராஜ்.

மற்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அழகப்பனைப் பார்த்தார்கள்.

"அவன் நடிக்கவே வேணாம் தம்பி," என்றான் முபாரக். "எட்டு மாசமா ஒத்திகை பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். அழகப்பனும் சிரித்தான். ரத்னவேல் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

ரத்னவேலின் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தவன் அழகப்பன். கொடுத்தது கைக்காசு இல்லை. ஊரில் அவன் மனைவி விசாலாட்சி தாலிக்கொடியைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்த பணம். விடிந்தால் திங்கட்கிழமை. பத்து மணிக்கு அந்த நகை ஏலத்துக்குப் போகிறது. ரத்னவேலும் கேட்காத இடமில்லை. முதலாளியிடம் கேட்டான், தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் கேட்டான். அன்றைக்கு அவன் சட்டைப் பையில் இருந்தது பதினோரு வெள்ளி.

ஒப்பனை செய்ய வந்த கண்மணி அக்கா அவன் முகத்தில் மாவு பூசிக்கொண்டே சொன்னார்: "தம்பி, பிணமா நடிக்கிறவங்க 'கட்' சொன்னதும் கேமராவைப் பார்த்துச் சிரிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும். பெரிய பெரிய ஆளுங்களே செய்வாங்க. மறந்திடாதீங்க."

"சிரிக்கலைன்னா என்னக்கா ஆகும்?"

"தெரியாது. சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை."

இரண்டு முறை எடுத்தார்கள். இரண்டு முறையும் எழுந்தான், ஐந்நூறு கேட்டான், 'கட்' என்றதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மூன்றாவது முறை... அழகப்பன் குனிந்தான். சினிமா வசனத்தை விட்டுவிட்டான். யாருக்கும் கேட்காத குரலில், காதோடு சொன்னான்:

"மாப்ளே, நாளைக்கு ஏலம் போனா அவ கழுத்து என்னைக்கும் வெறுங்கழுத்துதான். நான் என்னடா சொல்லுவேன் அவகிட்ட?"

பிணம் எழவில்லை. 'இன்னைக்கே கொடுத்துடறேன்டா... எப்படியாச்சும் கொடுத்துடறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அப்படியே கிடந்தான். அருண்ராஜ் "கட்!" என்றான். அதே நொடியில், தூரத்துக் கட்டுமான இடத்திலிருந்து மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

நமக்குத் தெரியும். சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். யாரையும் பார்க்கக் கூடாது, எதற்கும் நிற்கக் கூடாது. வருஷக்கணக்கில் நம் காலில் ஏற்றிய பாடம் அது. கால்கள் ஓடிவிட்டன. கேமராக்காரர்களும் பின்னாலேயே ஓடினார்கள். படப்பிடிப்புக் கூடாரத்துக்குள் போய் நின்ற பிறகுதான் முபாரக்குக்கு உறைத்தது... ஒருத்தன் கட்டிப்போட்டபடி வெளியே கிடக்கிறான்.

அதற்குள் மழை கொட்டியது. எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லை. "நகராதீங்க, மின்னல்!" என்று அருண்ராஜ் வாசலை மறித்துக்கொண்டான்.

ரத்னவேலுக்குக் கால்முடிச்சு எட்டவில்லை. போர்த்தியிருந்த கோடித்துணி நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்போது பாடை மேலே எழும்பியது.

வந்துவிட்டார்கள் என்று நினைத்தான். நான்கு பேர். சேற்றில் எட்டுக் கால்... சளக், சளக், சளக். ஒரே சீராக.

"மெதுவாடா முபாரக்," என்றான்.

சளக், சளக், சளக்.

கூடாரம் இருபது அடி தூரம்தான். அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். மழைச்சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. சளக் சளக் மாறி, சரக், சரக் என்றது. காய்ந்த மண்ணில் நடக்கிற சத்தம். எங்கோ ஒரு பம்புசெட்... டுக், டுக், டுக். வைக்கோல் வாசனை. யார் வீட்டிலோ வரட்டி எரிகிற புகை. லிம் சூ காங்கில் ஏது வரட்டி? படத்துக்காகப் புகை போடுகிறார்களோ என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டான். துணியை விலக்கக் கையைத் தூக்கினான். கை வரவில்லை. வாயும் திறக்கவில்லை.

ஓரிடத்தில் இறக்கினார்கள். கதவுத் தாழ் விலகும் சத்தம். ஒரு பெண்குரல். என்ன பேசியது என்று புரியவில்லை. கொஞ்ச நேரம். மறுபடி பாடை எழும்பியது. சரக், சரக்... சளக், சளக். மழை.

"டேய் ரத்னவேலு! டேய்!"

முபாரக் முகத்துணியை இழுத்தான். மழை விட்டிருந்தது. பாடை முதலில் கிடந்த அதே இடத்தில் கிடந்தது. இடுப்பிலும் காலிலும் முடிச்சுகள் போட்டபடியே இருந்தன, ஒன்றுகூட இளகவில்லை.

"எங்கேடா என்னைத் தூக்கிட்டுப் போனீங்க?"

"யாரு தூக்குனா? இருபது நிமிஷமா கூடாரத்துல நின்னு கோப்பி குடிச்சோம். இப்பத்தான் வர்றோம். உன்னை விட்டுட்டு ஓடுனதுக்கு மன்னிச்சுக்கடா."

கண்மணி அக்கா மட்டும் அவன் முகத்தையே பார்த்தார். "தம்பி, இப்பவாச்சும் ஒரு தடவை சிரிங்க," என்றார். முயன்று பார்த்தான். உதடு பிரிந்தது, அவ்வளவுதான்.

லாரியில் திரும்பும்போது பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

விடுதியில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் இருக்கும். அழகப்பன் கட்டிலருகே வந்து நின்றான். கையில் போன். கண் கலங்கியிருந்தது.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை? ஆள் அனுப்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? விசாலாட்சி உன்னையும் லைன்ல சேர்க்கச் சொன்னா, பேசு."

ரத்னவேல் போனை வாங்கினான். காதில் வைத்தான்.

"அண்ணே, ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

"எந்த ஊருக்கும்மா?"

"விளையாடாதீங்க. சாயங்காலம் நீங்களே வந்து கொடுத்துட்டுப் போனீங்களே. எண்ணிப் பார்த்துட்டேண்ணே, சிங்கப்பூர் பணம் ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபது. சரியா இருந்துச்சு. இங்கே மழையே இல்லை, நோட்டெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு, விசிறியில காய வச்சேன். பக்கத்து வீட்டு அண்ணன் மாத்தித் தர்றேன்னுட்டாரு. காலையில கடை தொறந்ததும் கொடியை மீட்டுருவேன். இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு பாக்கியும் இல்லைண்ணே. கடன் தீர்ந்துச்சு."

ரத்னவேல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அழகப்பன் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"நான் வந்தப்ப... எப்படி இருந்தேன்மா?"

"ரொம்பக் களைப்பா இருந்தீங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை. உங்ககூட வந்த நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டேன், வரலை. வாசல்லயே தோளைத் தேய்ச்சுக்கிட்டு நின்னாங்க. காப்பியாச்சும் குடிங்கன்னேன். வேணாமாம். தூக்குன கூலியை உங்ககிட்டயே வந்து வாங்கிக்கிறாங்களாம்."