மழை வராத ஓட்டை

தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்று, அது உள்ளே நுழைகிற இடம் வேறு. லாரி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஐயா. சொட்டுக்கு நேர் மேலே தாரைப் பூசிவிட்டு அடுத்த மழையிலும் நனைந்துகொண்டே போவார்கள்.

எனக்குத் தெரியும். என் அப்பா காவிரியில் பரிசல் கட்டுகிறவர். தண்ணீர் எங்கே புகுந்து, எப்படி ஊர்ந்து, எங்கே வந்து நிற்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். என் தங்கை வள்ளிக்கண்ணுவும் கூட இருந்துதான் வளர்ந்தாள். ஆனால் அவளுக்கு எதிலும் மனம் நிற்காது. பாதி வேலையில் சிரித்துவிடுவாள்.

லாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வெளியில்தான் நிற்கிறது. என் வீட்டுக்காரர் பேர் மருதை. அவர் வாங்கும்போதே அது பழசு. முன்னால் இரண்டு பேர் உட்காரும் மரக்கூண்டு, பின்னால் பாரம் ஏற்றத் திறந்த தட்டு. கதவுக்கு மேலே கண்ணாடி கிடையாது, படுதாதான். ஸ்ரீரங்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழையிலை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டி மார்க்கெட்டுக்கு வருவோம். ஏழு வருஷம் அவர் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்து போனேன். ஏழு வருஷமும் என் இடது தோளில் மழை ஒழுகியது.

"ஏங்க, இதை ஒரு நாளைக்குப் பாருங்களேன். சேலையெல்லாம் நனையுது."

"மழைத் தண்ணிதானே புள்ள? கரைஞ்சா போயிடுவே?"

நான் சிரித்துக்கொள்வேன். அவர் அப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்கும்.

எனக்குக் குழந்தை இல்லை. போன தை மாசம் நானே அப்பாவிடம் போய் வள்ளிக்கண்ணுவை அவருக்குக் கேட்டேன். இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். யாரோ வந்து என் குடும்பத்தைக் கெடுத்ததாக எங்கள் பாலக்கரையில் பேசுவார்கள். அப்படியில்லை. தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசியதே நான்தான். ஆனியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. முதலில் சந்தோஷப்பட்டவளும் நான்தான்.

அதற்குப் பிறகு லாரியில் அவள் உட்கார்ந்தாள்.

"நீ வீட்டைப் பாத்துக்க பாப்பாயி. கண்ணு வரட்டும், காத்தாட இருக்கும் அவளுக்கு" என்றார்.

வள்ளி என்று கூப்பிட்டிருக்கலாம். முழுப் பேரையும் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணு என்றுதான் கூப்பிட்டார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று இரண்டு பேரும் நனைந்து வந்தார்கள். அவர் தன் தலையைத் துவட்டிக்கொள்ளவில்லை. அவள் தோளைத் துண்டால் ஒற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பாப்பாயி, அந்த ஒழுகல் என்னன்னு பாரேன். கண்ணு நனையுறா."

"மழைத் தண்ணிதானே" என்றேன்.

"அஞ்சு மாசக்காரி. சளி பிடிச்சா என்ன பண்றது?"

ஏழு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அது ஒழுகல் ஆயிற்று.

மறுநாள் வெயில் அடித்தது. கூண்டுக்குள்ளே பலகைகள் சேரும் இடமெல்லாம் கோலமாவைத் தூவி ஒட்டவைத்தேன். தண்ணீர் வந்தால் மாவில் கோடு விழும். வள்ளிக்கண்ணுவை உள்ளே உட்காரவைத்து, படுதாவை இறக்கிவிட்டு, நான் வெளியில் முக்காலி போட்டு ஏறிச் செம்பால் ஊற்றினேன். கீழிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லாம் நனைந்து ஒன்றும் புரியாது.

"வருதாடி?"

"இல்லக்கா."

"இப்ப?"

"இல்ல... இரு, இரு. வருதுக்கா. என் மடியிலயே சொட்டுது."

"நான் மாமா உக்கார்ற பக்கந்தானே ஊத்துறேன்."

"நீ அங்க ஊத்துற, இங்க வருது. மாமா மாதிரியே இருக்குக்கா இந்தக் கூரை."

சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள், அது எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன்.

ஐந்து இடம் அகப்பட்டது. முன் கண்ணாடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை அறுத்து வைத்தேன். பலகை இடுக்குகளில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினேன். படுதாவைப் புதிதாகத் தைத்து, மெழுகு தேய்த்து, நெருக்கமாகப் பொத்தான் வைத்தேன். மூன்று நாள் வேலை. அவள் தலைக்கு மேலே கூரைப் பலகை மட்டும் உளுத்துப்போயிருந்தது. அதற்குத் தகரம் வேண்டும். யுத்த காலத்தில் தகரத்துக்கு எங்கே போவது?

கரி அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். பெட்ரோல் ரேஷனானதும் எல்லாரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். போன வருஷம் பட்டறைக்காரர் பரக்கத் அலி, கூண்டுக்குப் பின்னால், நான் உட்காரும் பக்கமாக, ஆள் உயர அடுப்பைப் பூட்டிக் கொடுத்தார். கரி எரிந்து வரும் கேஸில் என்ஜின் ஓடும். அன்றைக்கு நான்தான் கூட இருந்தேன்.

"தங்கச்சி, ஓடுறப்போ பயமில்ல. என்ஜின் உறிஞ்சிக்கும். நிறுத்தி வெக்கிறப்போதான் கசியும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். படுதாவை மூடிக்கிட்டு உள்ளே உக்காராதீங்க."

"சரி பாய்."

பிறகு கூண்டின் பின்பலகையில், என் தலைக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் இருந்த ஒரு ஓட்டையில் தகரத்தை வைத்து ஆணி அடித்தார். "அடுப்பு நேரா இதுக்குப் பின்னாலதான் நிக்குது. இதை மட்டும் யாரும் கழட்டிடக் கூடாது" என்றார். பரக்கத் அலி மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் வேலை சுத்தம். அதை அவர் என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் சொன்னார். வள்ளிக்கண்ணு அப்போது எங்கள் வீட்டில் இல்லை.

ஒரு வருஷம் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை வருகிற வழியெல்லாம் காற்றும் வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் அவள் ஏறும்போது, "மழை பெஞ்சா எல்லாப் பொத்தானையும் போட்டுக்க. ஒரு சொட்டு உள்ளே வராது" என்றேன்.

"போட்டுக்கறேன்க்கா" என்றாள்.

அம்மா மண்டபம் பக்கத்துத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர் இலைக்கட்டுத் தூக்க இறங்கிப் போனார். அடுப்பை யாரும் அணைக்க மாட்டார்கள், மறுபடி மூட்டி ஊத அரைமணி ஆகும். அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டெல்லாம் ஏற்றிவிட்டு அவர் கதவைத் திறந்தபோது கன்னம் சிவந்து, அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். எழுப்ப மனசு வரவில்லையாம். பாலம் முழுக்கப் பள்ளம் பார்த்து, மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தாராம். அழுதுகொண்டே இதை என்னிடம் சொன்னார்.

என்னை வைத்துக்கொண்டு அவர் ஒரு நாளும் பள்ளம் பார்த்து ஓட்டியதில்லை.

பின்பலகைத் தகரத்தைக் கழற்றியது நான்தான், ஐயா. பரக்கத் அலி சொன்னதெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டுதான் கழற்றினேன். அந்தத் தகரத்தைத்தான் அவள் தலைக்கு மேலே உளுத்த பலகையில் அடித்தேன். ஓட்டை தெரியாமல் இருக்க அவள் சாய்ந்துகொள்ளும் திண்டை அதன் மேல் தொங்கவிட்டேன், ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டு. அவர் என்னிடம் மழை வருகிற ஓட்டைகளை அடைக்கச் சொன்னார், அடைத்தேன். இந்த ஓட்டையில் மழை வந்ததே இல்லை.

நீங்கள் கேட்காமலே ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். அடுப்பை அணைக்காமல் போய்த் தானே அவளைக் கொன்றுவிட்டதாக அவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ஒத்துக்கொள்ள என்னால் முடியாது. எனக்காக அந்த லாரியில் ஒரு ஆணி அடிக்காதவர் அவள் பேரைச் சொல்லி ஜெயிலுக்குப் போவதா? அந்த இடத்தை அவளுக்கு விட்டுக் கொடுத்தேன். இதையும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

கைநாட்டு எங்கே வைக்க வேண்டும், காட்டுங்கள்.

இனி அவரை விட்டுவிடுவீர்கள். என்னைக் கொண்டுபோக உங்களுக்கு ஒரு வண்டி வேண்டும். அவரையே லாரியை எடுக்கச் சொல்லுங்கள், ஐயா. போலீஸ்காரர் பின்னால் தட்டில் ஏறிக்கொள்ளட்டும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மழை பெய்தாலும் பரவாயில்லை, அந்த இடம் இப்போது நனையாது.