ஆறாம் நம்பர் சன்னம்

அப்பிடி இழுக்காதேயும் ஜெனோஜா, தோல் கிழிஞ்சிடும். இறகைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுப் பிடுங்க வேணும். ஓம், அப்பிடித்தான். இந்த வீட்டுக்கு மருமகளா வந்து ஏழு மாசமாச்சு, ஒரு பெசன்ற், இந்த நாட்டுக் காட்டுக்கோழி, அதைத் துப்புரவாக்க இன்னும் பழகேல்லை. ஊரில கோழி உரிச்சிருப்பீர் தானே? என்ன, கடையில உரிச்சுத் தருவினமோ? நல்ல சீவியம் தான்.

இப்ப நெஞ்சில விரலை வைச்சு அமத்திப் பாரும். மிளகு மாதிரி ஏதும் தட்டுப்படுதோ? அதுதான் சன்னம், துவக்குத் தோட்டாவுக்குள்ள இருந்து பாயிற ஈயக் குண்டு. நகத்தால கிளப்பி அந்தக் கோப்பையில போடும். ஒண்டையும் விடக் கூடாது. போன கிழமை நீர் விட்ட ஒண்டைக் கடிச்சுத்தான் மாமாவின்ர பல்லு உடைஞ்சது. அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை, உண்மை. அந்தாள் எதுக்குத்தான் வாய் திறந்தது?

ஏன் இதுக்குள்ள நாலைஞ்சுதான் கிடக்கு எண்டோ? பாத்தீரே, இப்பதான் உருப்படியா ஒரு கேள்வி கேக்கிறீர். நான் பாவிக்கிற தோட்டா அப்பிடி. நம்பர் கூடக் கூட சன்னம் சின்னன், விளங்குதோ? ஏழு, எட்டு எல்லாம் மண் தட்டை எறிஞ்சு சுட்டு விளையாடுற ஆக்களுக்கு. உயிருள்ளதுக்கு அது காணாது. உடம்பெல்லாம் படும், ஆனால் சாகாது. நாலாம் நம்பர் பெரிசு. பெரிசெண்டபடியா ஒரு தோட்டாவுக்குள்ள கொஞ்சம் தான் கொள்ளும். புறாவுக்கு அதை அடிச்சால், ரெண்டு சன்னத்துக்கு இடையால புறா பறந்து போயிடும். ஆறாம் நம்பர், முப்பது கிராம். பெசன்றுக்கும் அதுதான், கவுதாரிக்கும் அதுதான், புறாவுக்கும் அதுதான். உள்ளுக்க வைக்கிற அடைப்பு மட்டும் பிளாஸ்ரிக்கா இருக்கக் கூடாது. வயலில விழுந்தால் மாடு திண்டிடும் எண்டு நாங்கள் சுடப் போற இடத்துப் பண்ணைக்காரன் பேசுவான்.

அமெரிக்காவில இருக்கிற என்ர தம்பி முருகேசன் காட்டு வான்கோழி சுடப் போறவன். போன மாசம் போன் எடுத்து, அக்கா, வான்கோழிக்கும் காடைக்கும் ஒரே தோட்டா சரிவருமோ எண்டு கேட்டான். ஆறாம் நம்பரையே வாங்கு, ஆனால் வான்கோழி கிட்ட வருமட்டும் மூச்சு விடாமல் இரு, வந்தாப் பிறகு தலையையும் கழுத்தையும் பாத்துப் பிடி எண்டன். நெஞ்சில பிடிச்சால் அது பாட்டுக்குப் போயிடும், பேந்து எங்கயாவது பத்தைக்குள்ள கிடந்து ரெண்டு நாளாச் சாகும். என்னத்துக்கு? சாகப் போறதை இழுத்தடிக்கக் கூடாது.

நானோ? நான் சுட எங்க பழகினனான் எண்டோ? மாமாவின்ர ஆசை தான் முதல். இங்க மிச்சம் எண்ட ஊரில ரெண்டாவது கடையும் திறந்த கையோட, வெள்ளையளோட சேந்து சுடப் போனால் மதிப்பு எண்டு நினைச்சார். துவக்கு, தொப்பி, முழங்கால் மட்டும் சப்பாத்து. நான் விடிய எழும்பி ரோல்ஸ் பொரிச்சுக் கட்டிக் கொண்டு பின்னால போவன். மூண்டு வருசம் சுட்டார், மேகத்துக்குத் தான் காயம். ஒரு நாள் பண்ணைக்காரன் பகிடிக்குத் தன்ர துவக்கை என்னட்டைத் தந்தான். நகுலேஸ்வரி எண்டு அவனுக்கு வாயில வராது, நக்ஸ், நீ ஒருக்கா அடிச்சுப் பார் எண்டான். முதல் வெடியில சேவல் ஒண்டு தலைகீழா வந்து விழுந்தது. எல்லாரும் கை தட்டிச்சினம். மாமாவும் தட்டினார், பாவம். பேந்து நான் லைசென்ஸ் எடுத்தன். அண்டையில இருந்து துவக்கு என்ர தோளில, பறவைப் பை அந்தாளின்ர தோளில.

அதை வையும், அடுத்ததை எடும். அது பேடு. பாத்து எடும், ஏன் தொடாமல் கையை இழுக்கிறீர்?

ஓ, போன சனிக்கிழமையை நினைக்கிறீரோ. நானும் அதைத்தான் கதைக்க இருந்தனான்.

அண்டைக்கு எங்களோட சுட வந்த பல் டொக்டர் மண் தட்டுக்குச் சுடுற ஏழரை நம்பர் தோட்டாவைக் கொண்டு வந்திட்டான். படிச்ச மனுசன்! அவன் அடிச்ச பேடு செட்டை முறிஞ்சு விழுந்து, ஓடி உம்மட காலடியில வந்து நிண்டது. நான் என்ன சொன்னனான்? கழுத்தைத் திருகும் எண்டு சொன்னனான். எல்லாருக்கும் முன்னால, தமிழில, மெதுவாத்தான் சொன்னனான். நீர் என்ன செய்தனீர்? ஜக்கெட்டைக் கழட்டி அதைச் சுத்திப் போட்டு, சேத்துக்குள்ள குந்தி, குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில வைச்சுக் கொண்டு இருந்தனீர். அது சாகுமட்டும். அவ்வளவு பேரும் தொப்பியைக் கழட்டிப் போட்டு நிக்கினம், என்னவோ செத்த வீடு மாதிரி. பண்ணைக்காரன்ர மனிசி வந்து உம்மட முதுகைத் தடவி, கண் துடைக்கத் தன்ர லேஞ்சியைத் தந்தவ. ஒன்பது வருசமா நான் அங்க போறன். அந்த மனிசி என்ர கையைக் கூட ஒரு நாள் தொட்டதில்லை.

உம்மட புருசன் விதுசனோ? அவன் காருக்குப் போனது உம்மில இரக்கப்பட்டு எண்டு நினைச்சீர், என்ன? அதைப் பாக்க ஏலாமல் போனவன் எண்டு மாமாவுக்குச் சொன்னீராம். இல்லைப் பிள்ளை. கார்க் கண்ணாடியைப் பூட்டிப் போட்டு அவன் போனில மரினாவோட கதைச்சுக் கொண்டு இருந்தவன்.

ஓம், அதே மரினா தான். அவன்ர போனில பேரைக் கண்டிட்டு என்னைக் கேட்டனீர். வேலையில கூட இருக்கிற பெட்டை எண்டு நான் சொன்னன், நீரும் நம்பினீர். அவன் உம்மைக் கட்ட முதல் நாலு வருசம் அவளோட தான் திரிஞ்சவன். மன்னார்ப் பெட்டை, வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். என்ர வீட்டுப் படி ஏற விடமாட்டன் எண்டு நான் தான் நிண்டனான். யாழ்ப்பாணத்துக்குப் போய் உம்மைப் பாத்தன். குனிஞ்ச தலை, கை நல்ல ருசி, கடையில நிக்கவும் ஆகும், எங்களை வயசுக்குப் பாக்கவும் ஆகும். எல்லாத்துக்கும் உதவுவீர் எண்டு தான் எடுத்தனான். பிழை உம்மில இல்லை. தெரிஞ்செடுத்த ஆள் நான்.

அந்தக் கத்தியைக் கீழ வையும். வையும் எண்டுறன்.

அவளுக்கு இப்ப அஞ்சு மாசம். ஓம், கலியாணத்துக்குப் பிறகு தான், நானும் விரலை மடிச்சுப் பாத்தனான். ஸ்கேனில பொடியன் எண்டு சொல்லிப் போட்டினம். வேதக்காரி வேதக்காரி தான், ஆனால் பேரன் என்ர தானே. விதுசன் காலமை ஷிப்டுக்குப் போகேல்லை, அவளின்ர சாமானை வாடகை வானில ஏத்தப் போனவன். பின்னேரம் ரெண்டு பேரும் வருவினம். இந்தக் கறி அவைக்குத்தான். வயித்தில பிள்ளை இருக்கேக்க ஈயம் கூடாதாம், அதுதான் ஒண்டு விடாமல் எடுக்கச் சொன்னனான். நீர் வடிவா எடுத்திருக்கிறீர், பொய் சொல்லக் கூடாது.

அவனுக்குப் போன் அடிக்காதேயும், எடுக்க மாட்டான். மாமாவையும் கூப்பிட வேண்டாம். மேல ரீவி சத்தத்தைக் கூட்டிப் போட்டு இருக்குது அந்தாள், கேக்குது தானே? அந்தாளுக்கும் தெரியும். நேற்றே சொல்லிப் போட்டன். சாப்பிடாமல் படுத்தது, அவ்வளவுதான்.

விசாவோ? அது உம்மட அண்ணை லக்‌ஷன்ர வேலை. குரோய்டனில ஆரோ லோயரைத் தெரியுமாம். விடியவே அவருக்குப் போன் பண்ணினன். வளந்த ஆம்பிளை, போனில கிடந்து அழுகுது. வந்து கூட்டிக் கொண்டு போங்கோ தம்பி எண்டன், நானென்ன செய்ய?

ஏதும் சொல்ல வேணுமெண்டால் சொல்லும். திட்டும். நான் கேட்டுக் கொண்டு நிப்பன். என்ன, திரும்பவும் சன்னம் கிளப்புறீர்? சரி, அப்ப விடும்.

வாசல் மணி அடிக்குது. லக்‌ஷன் தான். உம்மட உடுப்பெல்லாம் பெட்டியில மடிச்சு வைச்சிட்டன், கூறைச் சீலை அடியில கிடக்கு, கசங்காது. கையைக் கழுவும், இரத்தத்தோட கதவைத் தொடாதேயும். போகேக்க வீட்டுப் பூட்டின்ர திறப்பை அந்த மேசையில வைச்சிட்டுப் போம். மரினாவுக்குப் புதுசா ஒண்டு வெட்டுவிக்க இருந்தனான், இனித் தேவையில்லை.