கடைசியில் ஓடிய ஐந்தாம் சுருள்

தலைமையேற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, ஸ்கார்வெல் திரைப்படச் சங்கத்து நண்பர்களே, துயரில் வாடும் மேபெல் அம்மையார் அவர்களே!

"டீச்சர், படத்துல செத்தவன் திரும்பி வந்துட்டா அது பொய்யா?" மேபெல் அம்மா, மறைந்த உங்கள் கணவர் ஹெட்லி தோர்ன்பரி ஒருநாள் என்னைக் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வகுப்புக்குப் போய்விட்டேன்.

நம் துறைமுகத் தியேட்டரில் நாற்பது ஆண்டுகள் படம் ஓட்டியவர் அவர். நவம்பர்தோறும் நாம் பார்க்கும் அந்தப் போர்க்காலப் படத்தை மறப்போமா? ஐந்தாம் படச்சுருளில் விமானி விடுப்பில் வருகிறான். கதவுச் சத்தம் கேட்டு மனைவி மாவுக் கையோடு ஓடுகிறாள். அடுப்படியிலேயே இருவரும் ஆடுகிறார்கள். ஆறாம் சுருளில் அவன் இறந்த தந்தி.

நம் ஊர் ஆக்னஸ் ரட்லட்ஜின் கணவர் போரில் கடல் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் போனவர், திரும்பவில்லை. படத்தில் தந்தி வந்ததும் ஆக்னஸ் எழுந்து போய்விடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு ஹெட்லி ஐந்துக்கு முன் ஆறாம் சுருளை மாற்றிப் போட்டுவிட்டார். முதலில் தந்தி. ஆக்னஸ் எழுந்தார். அடுத்த சுருளில் செத்தவன் வாசலில் நிற்கிறான்! கொட்டகை முழுக்கச் சிரிப்பும் கூச்சலும்.

"ஏய் ஹெட்லி, மேல தூங்குறியா?"

"தந்திக்காரன் நம்மள ஏமாத்திட்டான்டோய்!"

மேலாளர் பிளென்கின் மாடிக்கு ஓடினார். "நிறுத்துய்யா! இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

ஹெட்லியின் கை விசையில் இருந்தது. சிறு ஜன்னல் வழியே பார்த்தார். கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்ற ஆக்னஸ், மெல்ல உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியது. நிறுத்தினாரா ஹெட்லி? இல்லை! முழுச் சுருளையும் ஓட்டினார்.

மறுநாள் காலை ஆக்னஸ் மேலாளர் முன் நின்றார்.

"ஹெட்லியை வேலையை விட்டு அனுப்பினா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். பத்து நிமிஷம் என் வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாருய்யா."

பிளென்கின் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. சுருள்ல நம்பரையாவது பெரிசா எழுதச் சொல்லுங்க."

அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் படம் முறைப்படி முடிந்ததும், ஐந்தாம் சுருளை மறுபடி ஓட்டினார் ஹெட்லி. ஆக்னஸ் உயிரோடிருந்தவரை கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

ஹெட்லி, இப்போது சொல்கிறேன்: அது பொய்யில்லை. தந்தி அவன் உயிர் போனதைத்தான் சொன்னது. அவள் மாவுக் கையோடு ஓடியதை எந்தத் தந்தியால் அழிக்க முடியும்? இந்த நவம்பரிலும் அந்தச் சுருள் கடைசியில் ஓடும். அதை ஓட்டுவது எங்கள் பொறுப்பு.

நண்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், கைவேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போங்கள்.