காத்தக் காயவைக்கிற மெஷினு

கொண்டுபோயிருங்கண்ணே! இந்த ரெண்டு டிரம்மையும் அப்படியே லாரில ஏத்தி மதுரைக்கே கொண்டுபோயிருங்க. காத்தக் காயவைக்கிற மெஷினாம்ல! வேட்டியக் காயவைக்கலாம், ஏலக்காயக் காயவைக்கலாம். காத்தக் காயவைக்கிறேன்னு ஒருத்தன் கெளம்பியிருக்கான் பாருங்க, அவனத்தேன் சொல்லணும்... ஒக்காருங்கண்ணே, அந்த டயரு மேல ஒக்காருங்க. கம்பெனில இருந்து மெஷினப் பாக்க வந்த பிட்டருதான நீங்க? தலைய ஆட்டுறீங்க, சரி. நான் கண்ணுச்சாமி. இந்தப் பட்டறைல பெயிண்டு அடிக்கிறது நாந்தேன். இன்னைக்கு வரைக்கும் நாந்தேன்... நாளைக்கு யாருன்னு மொதலாளிக்குத்தேன் தெரியும்.

அந்தா நிக்குது பாருங்க ஜீப்பு. மலைமேல ஏலத்தோட்டம் வச்சிருக்கவரு ஜீப்பு. ஞாயித்துக்கெழம அவரு மகனுக்குக் கல்யாணம். பொண்ணுக்கு ஊரு தேவாரம். தாலி கட்டுன கையோட பொண்ண இந்த ஜீப்புல ஏத்தி போடிமெட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். இன்னைக்கு என்ன கெழம? வெள்ளி! கலரு எப்பிடிக் கேட்டாரு தெரியுமா? சட்டப்பையில இருந்து ஒரு பச்ச ஏலக்காய எடுத்து, "இந்தக் கலரு, ஒரு பொட்டு மாறக் கூடாது"ன்னு என் கையில வச்சுட்டுப் போயிட்டாரு. மறுநா அது வாடி வேற கலராயிருச்சு! அப்பறம் மேல இருந்து எறங்குற ஆளுககிட்ட தெனம் ஒரு காய் கேட்டு வாங்கி, பாத்துப் பாத்துக் கலக்குனேன்.

இந்த மெஷின வச்சே மூணு தடவ அடிச்சாச்சுண்ணே. மூணு தடவையும் வேர்க்குரு! பானெட்டு முழுக்கக் குமிழு குமிழா... சொரண்டிச் சொரண்டி என் நகமெல்லாம் பச்ச. சோறு பெசஞ்சா சோறும் பச்ச. எல்லாம் காத்துல இருக்குற தண்ணி பண்ற வேல. ஆனி மாசச் சாரல் இருக்கே... மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளான்னு ஆயி மூணு வருசமாச்சு, சாரலுக்கு அது தெரியுமா? செக்போஸ்ட்டுல நிக்காம எறங்கி வந்துருது. கம்ப்ரஸரு காத்தோட சேத்துத் தண்ணியையும் துப்புது.

அதுக்குத்தேன் மொதலாளி இத வாங்குனாரு. கம்ப்ரஸரு காத்து ஒரு டிரம்முக்குள்ள போகுமாம், உள்ள பாசிமணி மாதிரி கொட்டிக் கெடக்குற மணி தண்ணியக் குடிச்சிருமாம், காஞ்ச காத்து மட்டும் பெயிண்டு அடிக்கிற துப்பாக்கிக்கு வருமாம். அஞ்சு நிமிசம் கழிச்சு இந்தப் பிடியத் திருப்புனா அடுத்த டிரம்மு வேலைக்கு வரும், இது சும்மா நிக்கும். கொண்டாந்து எறக்குன ஆளு இம்புட்டுத்தேன் சொன்னாரு. அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

மொத நாளு நல்லாத்தேன் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஒரு தகரத்துல அடிச்சேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு. ரெண்டாம் நாளே மணி சாயம் போயிருச்சுண்ணே! இந்தக் கண்ணாடி வழியா பாருங்க. வந்தப்ப கருநீலம். இப்ப? கொய்யாப்பழத்தப் பொளந்த மாதிரி! எம் பொஞ்சாதி சுருளியம்மாளுக்கு திருவிழால ஒரு சேல எடுத்தேன், மொதத் தண்ணியிலயே சாயம் போச்சுன்னு மூணு மாசம் பேசுனா. உங்க கம்பெனிய அவகிட்ட விட்டுப் பாக்கணும்...

சிரிக்காதீங்கண்ணே, எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தேன் இருக்கு. பதினாலு வருசம் இதே பட்டறை வாசல்ல பஞ்சரு ஒட்டுனேன். போன தை மாசந்தேன் மொதலாளி இந்தத் துப்பாக்கிய என் கையில குடுத்தாரு. அன்னைக்கு அழுதுட்டேன். நேத்து வந்து, "நாலாவது தடவையும் குமிழு வந்துச்சுன்னா நீ வாசலுக்கே போயிரு"ன்னுட்டாரு. பஞ்சரு ஒட்டுறது எளக்காரமில்லண்ணே. நான் ஒட்டுன ட்யூபு மெட்டுக்கு ஏறி எறங்கி வரும், ஒரு பொட்டுக் காத்து போகாது. ஆனா பெயிண்டு அடிக்கிறப்ப ஒரு சந்தோசம் இருக்கு பாருங்க, துருப்பிடிச்சுக் கெடந்தது புதுசா எந்திரிச்சு நிக்கும்... அத விட்டுட்டு என்னால போக முடியாதுண்ணே.

என்ன அங்ஙன குனிஞ்சு பாக்குறீங்க? எது? அந்த ஒட்டா? யாரு ஒட்டுனதுன்னா கேக்குறீங்க? வேற யாரு! நல்லாப் பாருங்க. உங்க கம்பெனி விட்ட ஓட்டையண்ணே அது! பிடியத் திருப்புனா போதும், சும்மா நிக்கிற டிரம்முக்கு அடியில புஸ்ஸ்ஸ்ஸுன்னு காத்து போகுது. எனக்கு நெஞ்சே பதறிப்போச்சு. பதினாலு வருசமா காத்த அடைச்சவன் முன்னாடி காத்து போனா சும்மா இருப்பனா? லாரி ட்யூப வெட்டி, மூணு மடிப்பு வச்சு, சொலூசன் தடவி, கம்பி சுத்தி... ரெண்டு டிரம்மையும் அடைச்சுட்டேன்ல! என்னைக்கா? வந்த மறுநா. செவ்வாக்கெழம. அன்னைக்குத்தேன் மணியும் சாயம்... ஏண்ணே அப்பிடிப் பாக்குறீங்க?

என்னது?... காத்த அமுக்கி அடைச்சு வச்சாத்தேன் மணி தண்ணியப் பிடிக்குமா?... அமுக்கத்த விட்டாத்தேன் தண்ணிய விடுமா?... அந்தப் புஸ்ஸுலதேன் தண்ணி வெளிய போகுதா! அப்ப அது ஓட்டையில்லையா... மூச்சு விடுற எடமா... சாயம் போகலையா, தண்ணி குடிச்சதுனால செவந்து போச்சா...

அய்யய்யோ! கண்ணுச்சாமி, என்ன காரியம் பண்ணிட்ட! நாலு நாளா அதுக மூக்கையும் வாயையும் பொத்தி வச்சுட்டு, வேல செய்யி வேல செய்யின்னு வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

விடுங்கண்ணே, திருப்புளி போட்டாலும் வராது. உங்களால ஆகாது, அது என் ஒட்டு. அந்தக் கத்தியக் கொண்டாங்க. தள்ளி நில்லுங்க... யம்மாடி! மூஞ்சியெல்லாம் தண்ணி! பாவம், எம்புட்டத் தாங்கிக்கிட்டு நின்னிருக்கு. இந்தா, ரெண்டாவது ஒட்டும் வந்துருச்சு, பிடிங்க.

தண்ணி குடிச்ச இந்த மணிய என்ன செய்ய? வறுத்தா தண்ணி போயிருமா? இரும்புச்சட்டி இருக்கு, உலையில நெருப்பு இருக்கு... கடல வறுக்குற பக்குவம்தான? வெரசா கிண்டுறேன்... அண்ணே! இங்ஙன பாருங்க, நீலமாகுது! ஒண்ணு... பத்து... எல்லாமே! கருகாம எடுத்துர்றேன், நீங்க டிரம்ம மாட்டுங்க.

பிடியத் திருப்புங்க. புஸ்ஸ்... ஆகா, இப்ப அந்தச் சத்தம் எம்புட்டு நல்லாருக்கு! ஒரு கை அடிச்சுப் பாக்குறேன். பானெட்டுல இப்பிடி... இப்பிடி... குமிழு தெரியுதா? கிட்டக்கப் பாருங்க. இல்லையே! ஒண்ணுகூட இல்லையேண்ணே! தோட்டத்துல பறிச்ச காய் மாதிரியே இருக்கு!

மொதலாளி வர்றாரு. அண்ணே, அந்த நோட்டுல என்ன எழுதுனீங்க? எனக்கு இங்கிலீசு தெரியாது... "மெஷினுல கோளாறு, சரி பண்ணியாச்சு"ன்னா? எனக்காகவா எழுதுனீங்க?... பெரிய மனசுண்ணே. ஆனா வேணாம், அத அடிச்சிருங்க. வாயில்லாத மெஷினு மேல பழியப் போட்டுட்டு நாளைக்கு எப்பிடி இதுகிட்டயே வந்து காத்து வாங்குறது?

மொதலாளி, வாங்க. ஜீப்ப அப்பறம் பாருங்க, மொதல்ல இதக் கேளுங்க. மெஷினு நல்ல மெஷினு. அது மூச்சு விடுற எடத்தப் பஞ்சருன்னு நெனச்சு ஒட்டுப் போட்டு அடைச்சது நாந்தேன். மூணு தடவ பெயிண்டு வீணானதும் என்னாலதேன். இந்தா, துப்பாக்கியக் கீழ வச்சுட்டேன். நீங்க என்ன சொல்றீங்களோ அது... என்ன மொதலாளி, அண்ணன் கையில இருக்குற ஒட்ட வாங்கி இழுத்து இழுத்துப் பாக்குறீங்க? பிய்யலையா? ஏன் இப்பிடிச் சிரிக்கிறீங்க?... என்னது, ஜீப்பு ரெண்டு பக்கமும் சாயங்காலத்துக்குள்ள முடியணுமா?... அப்ப, துப்பாக்கிய நானே எடுத்துக்கிறட்டா மொதலாளி?