கால் வச்ச மண்தொட்டி

அம்பிகா: கிட்ட போகாதீங்கக்கா... மண்ணு சரியும்.

வஜீதா: என் வீட்டு அஸ்திவாரத்த நான் பாக்கக் கூடாதா? இன்னா ஒளிக்கிற, இஞ்சினீரம்மா?

அம்பிகா: ஒண்ணுமில்லக்கா. பழைய பானை...

வஜீதா: பானைக்கு எங்கயாவது காலு இருக்குமா? வரிசையா நிக்குதே... யா அல்லா! உள்ள எலும்பு!

அம்பிகா: அதான் வாணாம்னேன்.

வஜீதா: போலீசுக்கு சொல்லணுமா?

அம்பிகா: சேச்சே... ரொம்பப் பழசு. எங்கூட படிச்ச சூரியபிரகாஷ் தொல்லியல்ல இருக்கான். போட்டோ அனுப்புனேன். செத்தவங்கள இப்பிடித் தொட்டில வச்சுப் பொதைப்பாங்களாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கலாம்ன்றான்.

வஜீதா: அப்போ ஆம்பூர்ல யாரு இருந்தாங்க?

அம்பிகா: ஆடு மாடு மேய்ச்சவங்க, இரும்பு உருக்குனவங்க...

வஜீதா: எங்கேந்து வந்தாங்க?

அம்பிகா: வந்தாங்களோ, இங்கயே இருந்தாங்களோ... அடிச்சு சொல்ல முடியாதாம்.

வஜீதா: எங்க மாமனாரக் கேட்டா, ஏமன் நாட்டுலேந்து கப்பல்ல வந்தோம்பாரு. உங்க வீட்ல?

அம்பிகா: ஜவ்வாது மலைலேந்து எறங்குனோம்பாங்க.

வஜீதா: ஹ்ம்... இவங்க இன்னா பாஷை பேசியிருப்பாங்க? தமிழா?

அம்பிகா: இருக்கலாம். எழுத்து ஒண்ணும் கெடைக்கலயே.

வஜீதா: சாமி?

அம்பிகா: பேரு தெரியாதுக்கா. ஆனா பக்கத்துல சின்னக் கிண்ணம் இருக்கு பாருங்க. போற எடத்துல பசிக்கும்னு வச்சிருப்பாங்க போல.

வஜீதா: அப்போ போறதுக்கு ஒரு எடம் இருக்குதுன்னு நம்பியிருக்காங்க... நம்மள மாதிரியே. ஆமா, தொட்டி ஏன் இவ்ளோ சின்னதா...

அம்பிகா: வெயில் ஏறுதுக்கா. வாங்க, டீ குடிக்கலாம்.

வஜீதா: பேச்ச மாத்தாத. கொழந்தையா?

அம்பிகா: ...ஆமாக்கா. பால்பல்லுன்றான்.

வஜீதா: பால்பல்லா... யாரு பெத்த புள்ளயோ!

அம்பிகா: அழாதீங்கக்கா. இதுக்குத்தான் முனீர் சார்...

வஜீதா: எங்க வீட்டுக்காரரா? அவருக்குத் தெரியுமா?

அம்பிகா: காலைல வந்து பாத்தாரு. "வஜீதா வர்றதுக்குள்ள மூடிடும்மா, அவ தாங்கமாட்டா"ன்னாரு.

வஜீதா: மூடிட்டு?

அம்பிகா: மேல காங்கிரீட் போடணும். உங்க சமையல் ரூம் வருது.

வஜீதா: கொழந்த மேல நின்னு நான் ரொட்டி சுடணுமா? மூடாத. உன் தோஸ்த வரச் சொல்லு.

அம்பிகா: தொல்லியல்காரங்க வந்தா வேலை நிக்கும்கா. எத்தினி மாசமோ... பிளானே மாறலாம்.

வஜீதா: மாறட்டும். வாடகை வீட்லயே இருந்துக்கறேன்.

அம்பிகா: சார் கேட்டா இன்னா சொல்றது?

வஜீதா: அவருக்கு இன்னா, எல்லாத்தயும் மூடிடுவாரு! எம் பையன் பொறந்து... போனப்ப, நான் ஆஸ்பத்திரில மயக்கமா கெடந்தேன். ஆம்பளைங்களே எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிட்டாங்க. எங்கன்னு கேட்டேன். "கபரஸ்தான்ல, ஓரமா"ன்னாரு. அதோட சரி. அவன் பேர்கூட வீட்ல எடுக்கறதில்ல. இந்தக் கொழந்தையோட அம்மா, யாரோ... பக்கத்துல இருந்து கிண்ணம் வச்சிருக்கா. எனக்கு எடம்கூடத் தெரியாது, அம்பிகா. அவரு மறந்தே போய்ட்டாரு.

அம்பிகா: மறக்கலக்கா... உங்ககிட்ட சொல்லாதன்னாரு. ஜும்மா தொழுகை முடிச்சு வாராவாரம் பையன அடக்கம் பண்ண எடத்துக்குப் போய் உக்காந்துட்டுத்தான் வீட்டுக்கு வர்றாராம். "அவளையும் கூட்டிட்டுப் போகணும், எப்பிடிக் கூப்பிடறதுன்னு தெரியல"ன்னு இந்தக் குழி ஓரத்துல உக்காந்து அழுதாருக்கா.